எண்ணிக்கை சரியாக இருந்தது

பழைய கணினியில் ஒரு ஃபோல்டரில் மட்டும் முந்நூற்றுத் தொண்ணூற்றொரு கோப்புகள் இருந்தன. புதிய மடிக்கணினிக்கு மாற்றிய பிறகு அதிலும் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று இருந்தன. கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை எண்ணினேன். ஒவ்வொரு கோப்பின் அளவையும் வீட்டிலேயே ஒரு தாளில் குறித்துக் கொண்டு போயிருந்தேன், அதையும் ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. அதன் பிறகுதான் பழைய கணினியின் வட்டைக் கழற்றித் துளை போட்டுவிடச் சொன்னேன். நான்கு துளைகள் போட்டார்கள். அதையும் எண்ணினேன்.

அந்தக் கோப்புகள் என் மனைவி பேசியவை. அவள் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

தொண்டையில் வந்த நோய்க்காக மதுரையில் அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினான்கு மாதம், சரியாகச் சொன்னால் நானூற்று இருபத்தாறு நாள் இருந்தாள். கழுத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துவாரம். மூச்சு அதன் வழியாக. பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியதை எல்லாம் கணினியில் அடிப்பாள், நான் பின்னால் நின்று படிப்பேன். நாளுக்கு ஒரு கோப்பு. அன்றைய தேதியை எண்ணில் போட்டு அதற்குப் பெயர் வைப்பாள். நானூற்று இருபத்தாறு நாளில் முப்பத்தைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், அல்லது விசைப்பலகை வரை கை வரவில்லை. மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

அவள் போன பிறகு நான் ஒன்றையும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கணினியைப் போட்டு, கோப்புகளை எண்ணிப் பார்த்து, அணைத்துவிடுவேன். இருக்கின்றன என்று தெரிந்தால் அந்த வாரத்துக்குப் போதும். மனம் தயாரான பிறகு நிதானமாகப் படிக்கலாம் என்று நினைத்தேன். எழுபது வயதுக்காரன் அப்படி நினைத்திருக்கக் கூடாது. இப்போது எழுபத்தாறு.

எண்ணுவது என் தொழில். தாலுகா அலுவலகத்தில் புள்ளியியல் ஆய்வாளராக முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். பசுவந்தனைப் பக்கம் கரிசல் காட்டில் நின்று எத்தனை ஏக்கர் பருத்தி, எத்தனை ஏக்கர் உளுந்து, அதில் எத்தனை காய்ந்து போனது என்று எழுதியிருக்கிறேன், மழைமானி பார்த்து மழையை அளந்திருக்கிறேன். குளத்தூர் வரைக்கும் ஆடு மாடு எண்ணப் போயிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. எங்கள் தெருவில் இருந்து பார்த்தால் ரயில் பாதை தெரியாது, ஆனால் சத்தம் கேட்கும். கூட்ஸ் வண்டி போனால் சத்தத்தை வைத்தே பெட்டியை எண்ண முயற்சி செய்வேன். அவளுக்குப் பேச்சு இருந்த காலத்தில், "எங்க அப்பா ஒரு மனுசனுக்குக் கட்டிக் குடுத்தாவளா, மைல்கல்லுக்குக் கட்டிக் குடுத்தாவளான்னே தெரியல" என்பாள்.

அவள் ஒரு அச்சகத்தில் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள், பத்தொன்பது வருடம். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், மாதா கோவில் திருவிழா நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள். அந்த அச்சக முதலாளிக்கு ஒரு பயம் உண்டு. இந்த ஊரில் ஒரு பழக்கம் இருந்தது: ஒரு கடையில் பத்திரிகையை அடித்துத் திருத்திவிட்டு, கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போய் இன்னொரு கடையில் அச்சடிப்பார்கள். அதைத் தடுக்க அவர் ஒரு வழி செய்தார். தமிழ் எழுத்துக்கான ஃபாண்ட்டைத் தானே உட்கார்ந்து மாற்றி, எந்தச் சாவியைத் தட்டினால் எந்த எழுத்து என்பதை எல்லாம் கலைத்துப் போட்டுவிட்டார். அவருடைய அச்சகத்துக் கோப்பை வேறு எங்கே திறந்தாலும் தமிழாகத் தெரியாது. அவருடைய ஊழியர்களும் அந்த ஒரு விசைமுறையைத்தான் படித்தார்கள். என் மனைவிக்கு வேறு விசைமுறையே தெரியாது. நோய் வந்து அவள் வேலையை விட்டபோது, அச்சகத்தில் கழித்துப்போட்ட கணினி ஒன்றை அவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அதில்தான் அவள் பேசினாள்.

இது எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு விவரம்கூடத் தெரியாமல் இல்லை. தெரிந்தவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

போன ஆடியில் அந்தக் கணினி மூச்சுத் திணற ஆரம்பித்தது. திரை வருவதற்குப் பதினொரு நிமிடம் ஆனது. சில நாள் மூன்று தடவை கீச்சிட்டுவிட்டு நின்றுவிடும். ஓசூரில் இருக்கும் மகனிடம் சொன்னேன்.

"அப்பா, அந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டு அழாதீங்க. நான் ஒரு லேப்டாப் அனுப்புதேன். உள்ள இருக்கத எல்லாம் கடையில குடுத்து மாத்திக்கிடுங்க" என்றான்.

உள்ளே இருப்பது என்ன என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கணினி பழுது பார்க்கும் கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கிறது. நடத்துபவள் நாற்பது வயதைத் தாண்டிய பெண். வாய் கொஞ்சம் நீளம். முன்பு நகல் எடுக்கப் போனபோதே என் எண்ணும் புத்தி அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழைய பெட்டியை ஆட்டோக்காரர் தூக்கிவர, நான் மூச்சு வாங்க மேலே போனேன்.

"படி எத்தன சார்?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"இருபத்திரண்டு."

"ஒன்னு கூட்டிக் கட்டலாம்னு இருந்தேன். நீங்க வந்து கண்டுபிடிச்சி சண்ட போடுவீங்கன்னு விட்டுட்டேன்." பெட்டியைத் திருகாணி கழற்றித் திறந்தாள். "ஐயையோ, இதுக்குள்ள பல்லி குடும்பமே நடத்தியிருக்கு சார். வாடக வாங்குனீங்களா?"

மாற்றுவதற்கு நாற்பத்தேழு நிமிடம் ஆனது. நான் எண்ணி முடித்ததும் அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "எதுக்கும் நாலஞ்ச தொறந்து பாத்துருங்க" என்றாள்.

நாலைந்து திறந்து பார்த்தேன். என் மழை அட்டவணையைத் திறந்தேன், எல்லாம் எண்கள், சரியாக இருந்தது. மகன் கல்யாணப் படங்களைத் திறந்தேன், சரியாக இருந்தது. அவளுடைய கோப்பு எதையும் திறக்கவில்லை. கடையில் அப்போது பிரிண்டர் வாங்க வந்த ஒருவர் நின்றார். நகல் எடுக்க வந்த இரண்டு பெண்கள் பெஞ்சில் இருந்தார்கள். திரை எல்லோரும் பார்க்கிற மாதிரி இருந்தது. நாலு பேர் முன்னால் என்னைப் பெயர் சொல்லிக்கூடப் பேசாதவள் அவள். கழுத்துக் குழாயைக் கழுவியது, வயிறு போனது, இடுப்பில் புண் வந்தது எல்லாம் எனக்கு என்று அடித்து வைத்திருக்கிறாள். அதைக் கடைத்தெருவில் விரித்துப் போட எனக்கு மனம் வரவில்லை. "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்ததும் அதே வெட்கத்தில் செய்ததுதான். கழித்துப் போட்ட கணினியில் இருந்து யாரும் எதையும் தோண்டி எடுத்துவிடலாம் என்று செய்தித்தாளில் படித்திருந்தேன். எவனோ ஒருவன் அவளுடைய பேச்சைப் படிப்பான் என்ற எண்ணமே எனக்குத் தாங்கவில்லை.

"அந்த வட்டுல ஓட்ட போட்டுருங்க" என்றேன்.

"எதுக்கு சார் இவ்வளவு அவசரம்? ஒரு மாசம் கெடக்கட்டும். அங்கன பரண்ல தூக்கிப் போட்டா அது என்ன சோறா கேக்கப் போகுது?"

"இல்லம்மா. எண்ணியாச்சு. சரியா இருக்கு."

"எண்ணுனா சரியாப் போச்சா?" என்றாள்.

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நான் முறைத்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, கீழே வெல்டிங் பட்டறையில் வட்டைக் கொடுத்துத் துளை போட வைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். வெள்ளித் தூள் கொட்டியது. அன்றைக்கு எனக்கு ஒரு பெரிய காரியத்தை ஒழுங்காக முடித்த நிம்மதி. திரும்பி வரும்போது பழக்கடையில் இரண்டு கொய்யா வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, முதல் கோப்பைத் திறந்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. புதுக் கணினி வந்ததும் படித்துவிடலாம் என்று ஒரு தைரியம் வந்திருந்தது.

திரை முழுவதும் ஆங்கில எழுத்து. சொல் இல்லை, வெறும் எழுத்து. நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி, சதவிகிதக் குறி. தவறான கோப்பு என்று நினைத்து அடுத்ததைத் திறந்தேன். அதுவும் அப்படியே. முப்பது கோப்பு வரை திறந்தேன். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே படியில் போய் உட்கார்ந்திருந்தேன். வேறு வழி இல்லாமல் ஒரு கோப்பைத் திறந்து அவளிடம் காட்டினேன்.

"சார், கோப்பு வந்துருக்கு. ஃபாண்ட் வரல" என்றாள். "பழைய பெட்டியில அந்த ஃபாண்ட் இருந்துச்சு, அதனால தமிழாத் தெரிஞ்சிச்சு. நாம கோப்ப மட்டுந்தான எடுத்தோம். ஃபாண்ட் தனிச் சாமான். பேரு சொல்லுங்க, நெட்டுல எறக்கித் தாரேன்."

"அது பிரஸ்காரர் தானே செஞ்சது."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பழைய எழுத்தைப் புது எழுத்தாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பதினொன்று போட்டாள். ஒவ்வொன்றும் தமிழ் எழுத்தைத்தான் கொட்டியது. ஆனால் எதுவும் தமிழாக இல்லை. வாய் இருந்தும் பேச்சு குழறியவர்கள் பேசுவது போல இருந்தது.

"வட்டுல நாலு ஓட்ட" என்று நான் சொன்னேன்.

"விடுங்க சார். நான் இன்னும் கொஞ்சம் கட்டாயப்படுத்தியிருக்கணும்."

"நீ சொன்ன. நான்தான் கேக்கல."

அங்கிருந்து நேராக அச்சகம் இருந்த இடத்துக்குப் போனேன். முதலாளி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய தம்பி அதே இடத்தில் ஃபிளக்ஸ் பேனர் அடிக்கிறார். அறுபது வயதிருக்கும். தரையில் ஒரு பூப்புனித நீராட்டு பேனர் காய்ந்துகொண்டிருந்தது. அதை மிதிக்காமல் ஓரமாக நடந்து போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க அண்ணன் செஞ்ச ஃபாண்ட்டா?" என்று அவர் சிரித்தார். "அண்ணாச்சி, அவன் ஒரு கிறுக்கன். அடுத்த பிரஸ்காரன் அள்ளிட்டுப் போயிருவான், அள்ளிட்டுப் போயிருவான்னு அதுக்கு ஒரு காப்பிகூட வெளிய வைக்கல. கடைசியில எவன் அள்ளிட்டுப் போனான் தெரியுமா? எடைக்கு எடுக்கவன். எல்லாப் பெட்டியையும் ஒரே லோடுல ஏத்தி விட்டேன்."

"எத்தனை பெட்டி?"

"அது இப்ப எதுக்கு அண்ணாச்சி?" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு இருக்கும்" என்றார். "மதினி அடிச்ச கணக்குவழக்கா? முக்கியமானதா?"

"கணக்கு இல்ல. சும்மா பேசுனது" என்றேன்.

அவர் ஒரு டீ சொன்னார். குடிக்க முடியவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் நான் வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. காலையில் மடிக்கணினியைத் திறந்து அந்தக் குப்பையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் நாற்காலி பழைய இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே சுவரில் கடிகாரம். மனம் வெறுத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் எண்கள் கண்ணில் பட்டன. எழுத்தை எல்லாம் மாற்றிய அந்த மனிதர் எண்களைத் தொடவில்லை. 2 என்றால் 2. 5 என்றால் 5. அவளுடைய பேச்சு முழுவதும் போய், அதில் எண்கள் மட்டும் பிழைத்திருந்தன. எனக்கு மிஞ்ச வேண்டியது அதுதான் போலிருக்கிறது.

நோட்டுப் புத்தகம் வாங்கிவந்து எண்களை எல்லாம் எழுத ஆரம்பித்தேன். ஒன்பது நாள் ஆனது. சில புரிந்தன: 101.4 என்றால் காய்ச்சல். 3 என்றும் 2½ என்றும் வருவது மருந்து கரண்டி. ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. தனி வரியில் ஒரு சிறு சொல், பக்கத்தில் ஒரு எண்: 10.40. கொஞ்சம் தள்ளி இன்னொரு தனி வரி, இன்னொரு சிறு சொல், இன்னொரு எண்: 1.25. அந்த இரண்டு சொற்களும் எல்லாக் கோப்பிலும் அதே இரண்டு. இரண்டாவது எண்ணுக்குப் பிறகு இருபது, முப்பது காலி வரிகள்.

காலி வரிகள் எனக்கு ஞாபகம் இருந்தன. நான் வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் அவளுடைய திரை சுத்தமாக இருக்கும். அவள் சுத்தக்காரி, அதனால்தான் என்று நினைத்தேன். அடித்தது மேலே போய் மறைகிற வரைக்கும் அவள் சாவியைத் தட்டியிருக்கிறாள்.

மருந்து நேரமோ என்று முதலில் பார்த்தேன், ஒத்து வரவில்லை. பிறகு என் பழைய டைரியை எடுத்தேன். நான் எங்கே போனேன், எந்த பஸ்ஸில் போனேன் என்று எழுதும் வழக்கம் உண்டு. கடம்பூருக்குப் போளி வாங்கப் போன நாள். பென்ஷன் விஷயம் என்று பசுவந்தனைக்குப் போய், வேலை எதுவும் இல்லாமல், பழைய மழைமானி இருந்த இடத்தில் நின்றுவிட்டு வந்த நாள். தேதிகள் பொருந்தின. முதல் எண் நான் படி இறங்கிய நேரம். இரண்டாவது எண் நான் திரும்பி வந்த நேரம்.

நான் நிறைய வெளியே போனேன். இதை எழுதித்தான் ஆக வேண்டும். அந்தத் துவாரத்தின் வழியாக அவள் மூச்சு விடும் சத்தம், கொதிக்கும் பாத்திரத்தின் மூடி ஆடுவது போல, பகல் முழுவதும் வீட்டில் இருக்கும். அது நின்றுவிடுமோ என்ற பயத்தில் அதையே கேட்டுக்கொண்டு இருப்பேன். பிறகு கேட்க முடியாமல் எழுந்து போய்விடுவேன். காய்கறி என்று சொல்வேன், பேங்க் என்று சொல்வேன். பக்கத்து வீட்டம்மா ஒரு குரல் கொடுத்தால் வருவார். ஆனால் இவளால் குரல் கொடுக்க முடியாது. தெருமுனை வரைக்கும் போன என்னை "இங்கன வாங்க" என்று கூப்பிட அவளால் முடியாது. அதனால் போவது எனக்குச் சுலபமாக இருந்தது.

எல்லா இடைவெளியையும் கூட்டினேன். கூட்டாமல் இருந்திருக்கலாம். அறுநூற்று நான்கு மணி நேரம். இருபத்தைந்து நாளும் நான்கு மணியும்.

எண்ணாதீங்க, எண்ணாதீங்க என்று என்னைப் பார்த்துச் சிரித்தவள் இதை எண்ணியிருக்கிறாள்.

அதிகமான இடைவெளி உள்ள நாள் ஒன்று. 9.10, பிறகு 7.35. அந்தத் தேதியைப் பார்த்ததும் டைரி தேவைப்படவில்லை. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் அவளுடைய பரிசோதனை முடிவு வாங்கப் போனேன். பதினொன்றரைக்குள் வாங்கிவிட்டேன். நோய் ஈரலுக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். இரண்டு மணிக்கெல்லாம் கோவில்பட்டிக்கு வந்துவிட்டேன், ஆனால் வீட்டுக்கு வரவில்லை. மனம் சரியில்லாத நாளில் நான் வழக்கமாகப் போகும் ரயில் நிலையத்தில், சிமென்ட் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் திரையில் அடித்தாள்: "ஏன் இவ்வளவு நேரம்? டோக்கன் எத்தனை?" எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "கூட்டம். டோக்கன் முப்பத்திரண்டு. டாக்டர் பயப்பட ஒன்னுமில்லன்னுட்டார்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்கு டோக்கனே கிடையாது. அதுவரை என் வாழ்நாளில் நான் பொய்யாக ஒரு எண்கூடச் சொன்னதில்லை.

அந்தக் கோப்பில் 9.10க்கும் 7.35க்கும் நடுவில் பதினொரு வரிகள் இருந்தன.

கடைக்காரப் பெண்தான் வழி சொன்னாள். என்னைக் காணோம் என்று போன் செய்தவள், "சார், அதே பெட்டியில அடிச்சி, காகிதத்துல எடுத்தது ஒரு பக்கமாவது வீட்டுல இருக்கா? இருந்தா கோப்பையும் காகிதத்தையும் பக்கத்துல வச்சி எழுத்துக்கு எழுத்து பாருங்க. எந்தக் குறிக்கு எந்த எழுத்துன்னு தெரிஞ்சிரும். அட்டவண மட்டும் போட்டுக் குடுங்க, மிச்சத்த மிஷினே ஒரு பகல்ல மாத்திரும். நான் படிக்க மாட்டேன் சார். சத்தியமா" என்றாள்.

அவள் எப்படி என் மனதை அறிந்தாள் என்று தெரியவில்லை.

காகிதம் இருந்தது. ஆபரேஷனுக்குப் போகும் முன், நான் பட்டினி கிடக்கக் கூடாது என்று சமையல் குறிப்பு இரண்டு பக்கம் அடித்து, அச்சகத்தில் எடுத்துவந்து, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டுப் போனாள். இப்போதும் இருக்கிறது. எண்ணெய் பட்டு ஓரம் மஞ்சளாகிவிட்டது. "ஸ்டவ்வைச் சின்னதாக வைத்து" என்று தொடங்குகிறது. அதன் கோப்பும், அந்த முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றில் சேராமல், தனியாகக் கணினியில் இருந்தது. "அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு" என்று காகிதத்தில் இருக்கும் வரியை, 4ஐயும் 1ஐயும் வைத்துத் திரையில் கண்டுபிடித்தேன். அங்கிருந்து முன்னும் பின்னும் நடந்தேன்.

மொத்தம் எண்பத்தெட்டுக் குறிகள் அவள் பயன்படுத்தியிருக்கிறாள். சமையல் தாளில் இருந்து எண்பத்தொன்று கிடைத்தது. மீதி ஏழையும் சொற்களின் நடுவே வைத்துப் பார்த்து யூகிக்கலாம். ஆறு நாள் காலையும் மாலையும் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். கண் எரிந்தது. ஆனால் அந்த ஆறு நாளும் பசித்தது, தூக்கம் வந்தது. அவளைத் திரும்ப வரவழைத்துவிடலாம் என்றே நம்பினேன்.

முதலில் அந்த இரண்டு சிறு சொற்களைப் பார்த்தேன். நினைத்ததுதான். போனாவ 9.10. வந்தாவ 7.35. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை: போனாவ. வந்தாவ.

பிறகு நடுவில் இருந்த பதினொரு வரிகளில் முதல் வரியை எடுத்தேன். ஒவ்வொரு குறியாகத் தாளில் பார்த்து, எழுத்தை நோட்டில் எழுதினேன். நாற்பது நிமிடம் ஆனது. முழுவதும் எழுதும் வரை சேர்த்துப் படிக்காமல் கையால் மறைத்துக்கொண்டேன். பிறகு கையை எடுத்தேன்.

"கூட்ஸ் போகுது. அவிய ஸ்டேசன்ல உக்காந்து எத்தன பெட்டி எண்ணுதாவளோ."

பிற்பகலில், அவள் அந்த நாற்காலியில் இருந்துகொண்டு, அதே வண்டியின் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். நான் தூத்துக்குடியில் இல்லை என்று தெரிந்திருக்கிறது. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன், எதற்கு வீட்டுக்கு வராமல் உட்கார்ந்திருக்கிறேன் என்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் டோக்கன் எத்தனை என்று கேட்டாள்.

ஐம்பத்தெட்டு. அன்றைக்கு அந்த வண்டியில் ஐம்பத்தெட்டுப் பெட்டி, கடைசியில் வரும் கார்டு பெட்டியைச் சேர்க்காமல். அப்போதே சொல்லியிருக்கலாம்.

இன்னும் பத்து வரிகள் இருக்கின்றன அந்த நாளில். ஐந்து மணிக்கு என்ன அடித்தாளோ, ஆறு மணிக்கு என்ன அடித்தாளோ. மற்ற கோப்புகளையும் சேர்த்தால், காலி வரிகளைக் கழித்து, ஆறாயிரத்து இருநூற்று நாற்பது வரிகள். ஒரு நாளைக்கு நான்கு வரி என்று போனால் நான்கு வருடம் மூன்று மாதம். கடையில் கொடுத்தால் ஒரு பகல். நான் நோட்டை மூடி, அட்டவணைத் தாளை நாலாக மடித்து மருந்து டப்பாவில் போட்டேன். அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியைத் திறந்து எண்ணுகிறேன். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று இருக்கிறது.

நேற்றுக் கடைக்காரப் பெண் மறுபடியும் போன் செய்தாள்.

"என்ன சார், அட்டவணைய முடிச்சீங்களா இல்லையா? பரீட்சைக்குப் படிக்க மாதிரி வருசக்கணக்காப் பாக்குதீங்க. எத்தன எழுத்து பாக்கி?"

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டுதானா! சீக்கிரம் கொண்டாங்க. படி இருபத்திரண்டுதான், கூட்டல."

"கொண்டாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பாக்கி எதுவும் இல்லை. எண்பத்தெட்டும் தாளில் இருக்கின்றன.